வரி கேட்கும் அரசு வழியும் காட்டவேண்டும்

பிரிட்டனின் உபபிரதமராகவும் வீட்டு வசதித் துறை மந்திரியாகவும் இருந்த ஆஞ்செலா ரேனர் 2025 செப்டம்பர் 5ஆம் தேதி ராஜினாமாச் செய்ததற்குக் காரணம், கடற்கரை ஊரான ஹோவில் அவர் வாங்கிய ஒரு வீட்டின் முத்திரைத் தீர்வை. எட்டு லட்சம் பவுண்டு விலையுள்ள அந்த வீட்டுக்கு அவர் 30,000 பவுண்டு தீர்வை கட்டியிருந்தார். கட்டவேண்டியிருந்ததோ 70,000 பவுண்டு. ஏற்கெனவே ஒரு வீடு உள்ளவர் இன்னொன்று வாங்கினால் விலையில் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம். பழைய வீட்டில் தமக்கிருந்த பாகத்தை, உடற்குறையுள்ள தம் மகனின் நலனுக்காக ஏற்பட்ட டிரஸ்டுக்கு விற்றுவிட்டபடியால், தமக்கு வேறு வீடு இல்லை என்றே அவர் கருதினார். ஆனால், பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைக்காக டிரஸ்டின் பொறுப்பில் இருக்கும் வீட்டை அக்குழந்தையின் பெற்றோருக்குச் சொந்தமானதாகவே பாவித்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் உட்பிரிவு ஒன்று சொல்லுகிறது. அந்தப் பாவனை விதியை அறியாமற் போனதன் விலை 40,000 பவுண்டும் ஒரு மந்திரி பதவியும் ஆயிற்று.

மந்திரிகளின் நடத்தையை மேற்பார்க்கும் சுயேச்சை ஆலோசகரான சர் லாரி மேக்னஸ் இதனை விசாரித்து, ரேனர் நேர்மையுடனேயே நடந்துகொண்டார் என்றும், எனினும் வரி நிபுணர் ஒருவரின் ஆலோசனையைத் தனியே பெறும்படி தமக்குக் கூறப்பட்டிருந்த எச்சரிக்கையை அவர் ஏற்று நடக்கவில்லை என்றும் முடிவு சொன்னார். மந்திரி என்ற முறையில் அவருக்கு அந்த முடிவு நியாயமானதே. பிறருக்குச் சட்டம் செய்பவர் தமக்குரிய சட்டத்தில் இருமடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஆனால், ஒரு வீடு வாங்குகிற சாதாரணப் பிரஜை தான் கட்டவேண்டிய தீர்வை இவ்வளவு என்று அறிந்துகொள்வதற்கு, கிரயப் பத்திரம் முடித்துக்கொடுக்கும் சட்ட நிறுவனமும் போதாமல், வேறொரு நிபுணரையும் தேடிச் சென்று கட்டணம் கொடுக்கவேண்டியிருக்கிறதே, அது ஒரு நாகரிக தேசத்தின் வரிச் சட்டத்துக்கு உகந்த நிலைதானா என்ற கேள்வி அன்றைய அரசியல் ஆரவாரத்தில் போதிய அளவு எழவில்லை. வரி என்றவுடன் எத்தனை சதவீதம், யார் தலையில் என்றே விவாதங்கள் நடக்கின்றன. இன்றைய பிரிட்டனில் குடிகளை அழுத்தும் பாரத்தில் பெரியதொரு பங்கு விகிதத்தில் இல்லை. தான் செலுத்தவேண்டியது என்ன என்பதைத் தெரிந்துகொள்வதற்குப் படவேண்டிய சிரமத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இது புதிய கருத்துமன்று. 1776இல் ஆடம் ஸ்மித் தமது பெருநூலில் நல்ல வரிக்கு நான்கு லட்சணங்களை வகுத்தபோது, சக்திக்கேற்ற பங்கு என்ற சமத்துவத்துக்கு அடுத்தபடியாக நிச்சயத்தன்மையை வைத்தார். எப்போது, எப்படி, எவ்வளவு கட்டவேண்டும் என்பது கட்டுகிறவனுக்கும் மற்ற எல்லோருக்கும் தெளிவாக விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. சிறிதளவு நிச்சயமின்மை, கணிசமான அளவு சமத்துவமின்மையைக் காட்டிலும் பெரிய தீங்கு என்று கருதும் அளவுக்கு அவர் இதில் உறுதியாக இருந்தார்.

வருமான வரி என்பதே அந்த நாட்டில் தற்காலிகமான ஓர் ஏற்பாடாகத்தான் பிறந்தது. நெப்போலியன் காலத்து யுத்தச் செலவுக்காக இளைய வில்லியம் பிட் 1799இல் கொண்டுவந்த அந்த வரி, 1802இல் நீங்கி, மறு வருஷமே திரும்பி, 1816இல் மறுபடியும் ஒழிந்தது. ஒழிந்தபோது, அதன் கணக்கேடுகளையும் அழித்துவிடும்படி பாராளுமன்றம் கட்டளையிட்டது என்றால், தங்கள் வருமானத்தைச் சர்க்கார் துருவிப் பார்ப்பதை அக்காலத்து ஜனங்கள் எவ்வளவு வெறுத்தார்கள் என்பது விளங்கும். 1842இல் சர் ராபர்ட் பீல், வருஷம் 150 பவுண்டுக்கு மேல் வருமானமுள்ளவர்களிடம் பவுண்டுக்கு ஏழு பென்ஸ் வீதம் அதனை மீண்டும் விதித்தார், அதுவும் சில வருஷங்களுக்கு மட்டும் என்று சொல்லியே. இன்றளவும் சட்டப்படி அது வருஷந்தோறும் ஏப்ரல் 5ஆம் தேதியோடு காலாவதியாகி, அந்தந்த ஆண்டின் நிதிச் சட்டத்தினால் மறு உயிர் பெறுகிறது. இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. 1860இல் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்த ஜேம்ஸ் வில்ஸனின் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்து நின்றவர் அப்போது சென்னை கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன். அந்த எதிர்ப்புக்காகவே அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். பின்னர் அவரே இந்தியாவின் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். அந்த முதல் வருமான வரியும் 1865இல் முடிவுக்கு வந்தது. வரியைப் பற்றிய விவாதம் வெளிப்படையாக நடந்த காலம் அது. ஒரு கவர்னர் தம் பதவியையே பணயம் வைத்து வாதாடுவதற்கு அதில் இடம் இருந்தது.

இப்போது பிரிட்டனில் நடப்பதோ, விவாதத்துக்கே இடமில்லாத வகையில் வரியை உயர்த்துவது. அந்நாட்டில் ஒருவர் வரியின்றிச் சம்பாதிக்கக்கூடிய வருஷ வருமானம் 12,570 பவுண்டு. இந்த வரம்பு 2021 ஏப்ரலில் ஏற்பட்டது. அதற்கு முந்தின மாதம் கன்சர்வேடிவ் கட்சியின் நிதி மந்திரி ரிஷி சுனக் தமது பட்ஜெட்டில் அதனை 2026 வரையில் அப்படியே நிறுத்திவைத்தார். 2022 நவம்பரில் அதே கட்சியின் நிதி மந்திரி ஜெரமி ஹண்ட் 2028 வரையில் நீட்டினார். 2024 அக்டோபரில் தொழிற்கட்சியின் நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ், இந்த நிறுத்தத்தை மேலும் நீட்டுவது உழைப்பாளிகளின் சம்பளத்திலிருந்து எடுப்பதாகும், ஆகையால் அதைச் செய்யமாட்டேன் என்று சபையில் அறிவித்துவிட்டு, பதின்மூன்று மாதங்களுக்குள், 2025 நவம்பர் 26ஆம் தேதிய பட்ஜெட்டில், அதனை 2031 ஏப்ரல் வரையில் நீட்டினார். ஆக, இரண்டு கட்சிகளும் மூன்று நிதி மந்திரிகளும் சேர்ந்து ஒரே எண்ணைப் பத்து வருஷம் அசையாமல் வைத்திருக்கிறார்கள்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் காணலாம். ஒருவர் 25,000 பவுண்டு சம்பாதித்தார் என்றும், விலைவாசியும் அவர் சம்பளமும் ஒன்றுபோல ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தன என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது அவர் சம்பளம் 30,000. ஆயினும் முன்பு வாங்கிய அளவு அரிசியும் பாலும் எரிவாயுவும்தான் அவரால் வாங்க முடியும். அவர் ஒரு காசும் செல்வந்தராகவில்லை. வரியற்ற வரம்பும் அதே வீதத்தில் உயர்ந்து 15,084 ஆகியிருந்தால், நூற்றுக்கு இருபது வீதம் அவர் கட்டவேண்டிய வருமான வரி ஏறத்தாழ 2,983 பவுண்டு. வரம்பு நின்ற இடத்திலேயே நிற்பதால் அவர் கட்டுவது 3,486 பவுண்டு. ஐந்நூறு பவுண்டு அவரிடமிருந்து சென்றிருக்கிறது. அதற்காகப் பாராளுமன்றத்தில் எந்த மந்திரியும் வரியை உயர்த்துகிறேன் என்று எழுந்து சொல்லவில்லை. வருமான வரி விகிதத்தை உயர்த்தமாட்டோம் என்று 2024 தேர்தலில் கொடுத்த வாக்கு எழுத்தளவில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி நீட்டிப்பினால் மட்டும் 2029-30க்குள் ஏறத்தாழ 7,80,000 பேர் புதிதாக வரி வலையில் விழுவார்கள் என்றும், 9,20,000 பேர் நாற்பது சதவீத விகிதத்துக்கு ஏறுவார்கள் என்றும் பட்ஜெட் பொறுப்புக்கான அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது. தேச வருமானத்தில் வரியின் பங்கு 38 சதவீதத்தை எட்டி இதுவரை காணாத உச்சத்துக்குப் போகும் என்பதும் அதே அலுவலகத்தின் கணிப்பே.

அரசாங்கத்துக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் ராணுவத்துக்கும் பணம் வேண்டும். கடன்மேல் வட்டியும் கட்டியாக வேண்டும். பணம் வேண்டுமானால் விகிதத்தை உயர்த்துகிறோம் என்று சபையில் எழுந்து சொல்லிக் கேட்கட்டும். ஜனங்கள் ஒப்புக்கொள்ளட்டும், அல்லது மறுக்கட்டும். சொல்லாமல் எடுப்பது, எடுக்கும் தொகை சிறியதாயினும், அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலுள்ள நம்பிக்கையைக் குலைக்கும்.

தவிர, நிறுத்திவைத்த எண் ஒன்று தன்னைச் சுற்றிப் புதிய சிக்கல்களையும் வளர்க்கிறது. வயோதிகர்களுக்குக் கிடைக்கும் புதிய அரசாங்கப் பென்ஷனின் முழுத் தொகை 2026 ஏப்ரல் முதல் வாரத்துக்கு 241.30 பவுண்டு, வருஷத்துக்கு ஏறத்தாழ 12,548 பவுண்டு. வரியற்ற வரம்பைத் தொடுவதற்கு 22 பவுண்டே பாக்கி. ஆண்டுதோறும் குறைந்தது இரண்டரை சதவீதமாவது பென்ஷன் உயரவேண்டும் என்ற வாக்குறுதி நிலவுவதால் அடுத்த வருஷமே அது வரம்பைத் தாண்டிவிடும். ஒரு கையால் கொடுத்த பென்ஷனுக்கு மறு கையால் அரசே வரி கேட்கவேண்டி வரும். இதற்குப் பரிகாரமாக, அரசாங்கப் பென்ஷன் ஒன்றை மட்டுமே நம்பியிருப்பவர்களிடம் அந்தச் சிறு தொகையை வசூலிக்கப்போவதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அப்படியானால் அதே தொகையைக் கூலியாகச் சம்பாதிக்கும் ஓர் இளைஞனிடம் வசூலிப்பதும், சிறிதளவு தனியார் பென்ஷனும் சேர்த்துப் பெறும் கிழவரிடம் வசூலிப்பதும் எந்த நியாயத்தினால்? கிழிசல்மேல் ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் இன்னோர் ஒட்டுப்போட்டு, முதலில் இருந்த துணி எது என்று தெரியாமற் போவதுபோல, பிரிட்டனின் வரிச் சட்டம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இப்படித்தான் பெருகிவருகிறது.

மேல்தட்டிலும் இதே குறை. லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர் ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் வரியற்ற வரம்பில் ஒரு பவுண்டை இழக்கிறார். ஆகவே 1,00,000 முதல் 1,25,140 வரையிலான வருமானத்தின்மேல் அவர் உண்மையில் கட்டும் வரி அறுபது சதவீதம். எந்தப் பட்டியலிலும் அறுபது என்ற விகிதம் அச்சாகவில்லை. 2010இல் வந்த இந்த லட்ச வரம்பும் இன்றுவரை அசையவில்லை. பெற்றோரில் ஒருவர் அந்த லட்சத்தை ஒரு பவுண்டு தாண்டினாலும், குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவிகள் ஒரேயடியாக நின்றுபோகின்றன. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா, பென்ஷன் நிதியில் அதிகம் போட்டு வருமானத்தைக் குறைத்துக் காட்டலாமா என்று மருத்துவர்களும் பொறியாளர்களும் வரி ஆலோசகரிடம் போய் உட்காருவது இதனால்தான். அவர்கள்மேல் இரக்கப்படவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உழைப்பைக் குறைத்துக்கொள்வது லாபம் என்று சொல்லும் சட்டம் பிசகானது என்பதே என் கருத்து.

இவற்றுக்கிடையே தெளிவாகச் செய்யப்பட்ட காரியம் ஒன்றையும் சொல்லவேண்டும். பிரிட்டனில் வசித்துக்கொண்டே, தம் நிலையான தாயகம் வெளிநாடு என்று சொல்லி, அயல்நாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவராதவரை அதற்கு வரி கட்டாமல் இருக்கும் சலுகை, பிட்டின் காலந்தொட்டு இருந்துவந்தது. சுனக்கின் மனைவி அக்ஷதா மூர்த்தி அந்தச் சலுகையைப் பெற்றிருந்தது 2022இல் பெரும் சர்ச்சையானதும், பின்னர் அவர் அதனைக் கைவிட்டதும் நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2025 ஏப்ரல் 6 முதல் அந்த முறை முற்றிலும் போய், ஒருவர் எத்தனை வருஷம் அந்நாட்டில் வசித்தார் என்ற ஒரே அளவுகோல் வந்துவிட்டது: புதிதாக வருகிறவருக்கு நான்கு வருஷச் சலுகை, அதற்குப் பின் எல்லோரையும் போல. மனத்துக்குள் ஒருவர் எந்த தேசத்தைத் தாயகமாகக் கொண்டிருக்கிறார் என்று ஆராய்வதைவிட வருஷங்களை எண்ணுவது எவ்வளவோ மேல். கொள்கையில் கருத்து வேற்றுமை இருக்கலாம். விதி இன்னதென்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

விவசாயிகளின் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. வாரிசுரிமை வரியிலிருந்து விளைநிலங்களுக்கு இருந்த முழு விலக்கை, பத்து லட்சம் பவுண்டுவரை மட்டுமே என்று 2024 அக்டோபரில் சுருக்கினார்கள். டிராக்டர்கள் லண்டன் வீதிகளில் அணிவகுத்தன. பதினான்கு மாதங்கள் பிடிவாதமாக இருந்துவிட்டு, சட்டம் அமலுக்கு வருவதற்கு மூன்றரை மாதங்களே இருக்கையில், 2025 டிசம்பர் 23ஆம் தேதி அந்த வரம்பை இருபத்தைந்து லட்சமாக உயர்த்தினார்கள். உயர்த்தியது நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்ட, டிரஸ்டுகளை ஏற்படுத்திவிட்ட, அதற்கென்று நிபுணர்களுக்குக் கட்டணம் கொடுத்துவிட்ட முதியவர்களுக்கு அந்தத் தாமதத்தினால் வந்த நஷ்டத்தை ஈடுசெய்பவர் யாருமில்லை.

இனி, இவ்வாண்டு பிரிட்டனின் சிறு வியாபாரிகளை நேராகத் தொடும் மாறுதலுக்கு வருவோம். 2015இல் நிதி மந்திரியாக இருந்த ஜார்ஜ் ஆஸ்பார்ன், வருஷாந்தர வரிப் படிவத்துக்கே முடிவு கட்டுவோம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பிலிருந்து வளர்ந்ததே ‘மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல்’ என்னும் திட்டம். விற்பனைமேல் வரும் மதிப்புக்கூட்டு வரிக்கு அது 2019இல் வந்தது. வருமான வரிக்கு 2018 என்றும், பிறகு 2023 என்றும், 2024 என்றும் தள்ளிப்போய், 2026 ஏப்ரல் 6இல் வந்து நிற்கிறது. சுயதொழிலிலும் வாடகையிலுமாக ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் வரவு உள்ளவர்கள், தம் கணக்கை மென்பொருளில் வைத்துக்கொண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவுச் சுருக்கத்தை வருவாய்த் துறைக்கு அனுப்பவேண்டும். ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களின் 7ஆம் தேதிகள் அதற்குக் கெடு. வரி வருஷம் முடிந்தபின், அடுத்த ஜனவரி 31க்குள் இறுதி உறுதிமொழியும் தரவேண்டும். 2027இல் இந்த வரம்பு 30,000 ஆகவும், 2028இல் 20,000 ஆகவும் இறங்கும்.

இதில் கவனிக்கவேண்டியது, 50,000 என்பது லாபமன்று, மொத்த வரவு. வாடகைக் கார் ஓட்டி ஐம்பத்தையாயிரம் வாங்கி, பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் வண்டித் தவணைக்கும் போக இருபதாயிரம் மிச்சம் பிடிப்பவரும், சிறு கடை வைத்துச் சரக்கு விலைபோகப் பதினையாயிரம் காண்பவரும் இதில் அடக்கம். ஈழத்திலிருந்து சென்று ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் தம் பெயரிலேயே கடை நடத்தும் நம்மவர்களும் இதற்கு உட்பட்டவர்களே. இரவு பத்து மணிக்குக் கடை கட்டிவிட்டுச் சிட்டைகளை ஒழுங்குபடுத்த உட்காரும் ஒருவருக்கு, வருஷத்துக்கு ஒருமுறை பட்ட சிரமம் இனி ஐந்து முறை. அதற்கான மென்பொருளை வருவாய்த் துறை தானே செய்து கொடுக்கவில்லை; சந்தையில் பார்த்துத் தேர்ந்துகொள்ளும்படி விட்டிருக்கிறது. முதல் ஆண்டில் காலாண்டு அறிக்கை தாமதமானால் அபராதப் புள்ளி விழாது என்ற தளர்வு ஒன்று தந்திருக்கிறார்கள். அதற்குப்பின் நான்கு புள்ளிகள் சேர்ந்தால் 200 பவுண்டு அபராதம்.

இந்தத் திட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2023-24இல் வசூலாகியிருக்கவேண்டிய வரியில் 5.3 சதவீதம், அதாவது 4,680 கோடி பவுண்டு, வசூலாகவில்லை என்றும், அதில் அறுபது சதவீதம் சிறு வியாபாரங்களைச் சார்ந்தது என்றும் வருவாய்த் துறையே மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் பணம் வந்தால், ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் பாரம் குறையும். அதில் பெரும்பகுதி திட்டமிட்ட ஏய்ப்பு என்று எண்ணிவிடக்கூடாது. கவனக்குறைவும் அறியாமையும் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதும் அதில் கணிசமான பங்கு. அறியாமையினால் வரும் பிழைக்கு மருந்து கற்பித்தல். கணினியில் தவறாகப் பதிந்ததை நான்கு முறை அனுப்புவதால் தவறு சரியாகிவிடாது. சந்தேகம் வந்தபோது கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கவேண்டும்.

அந்த மனிதர்தான் பிரிட்டனில் அருகிவருகிறார். தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-23ஆம் ஆண்டில் வருவாய்த் துறையைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் காத்திருந்த நேரத்தை ஒன்றாகக் கூட்டினால் 798 வருஷங்கள். மூன்று வருஷங்களுக்கு முன்பிருந்ததைவிட இது இருமடங்குக்கும் அதிகம். 2024 மார்ச்சில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சுயமதிப்பீட்டு உதவித் தொலைபேசியை மூடிவிடப்போவதாக அறிவித்து, எழுந்த கண்டனத்தைக் கண்டு மறுநாளே அந்த அறிவிப்பைத் துறை திரும்பப் பெற்றது. ஜனங்களைக் கணினிப் பக்கம் தள்ளுவதற்காகவே தொலைபேசிச் சேவையைத் தாழவிட்டார்கள் என்று பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. துறை அதனை மறுத்தது. நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே. கேட்பாரற்ற தொலைபேசியை வைத்துவிட்டு, பிரஜை வேறு வழிகாட்டியைத் தேடிப் போகிறான்.

அப்படித் தேடிப் போகும்போது அவன் யாரிடம் போய்ச் சேருகிறான் என்பதே இந்த விஷயம் முழுவதிலும் என்னை மிகவும் வருத்தும் பகுதி. நம் ஊரில் ஆடிட்டர் என்று பெயர்ப் பலகை வைப்பவருக்குப் பின்னால் ஒரு தேர்வும் ஒரு சபையும் சட்டமும் இருக்கின்றன. ஜெர்மனியில் வரி ஆலோசனைத் தொழில் சட்டத்தால் காக்கப்பட்டது. பிரிட்டனிலோ யார் வேண்டுமானாலும் தம்மை வரி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டய வரி நிபுணர் கழகம் 1930 முதல் இருக்கிறது. கணக்காளர் கழகங்கள் அதற்கும் மூத்தவை. அவை கடுமையான தேர்வுகளை வைக்கின்றன, தவறு செய்த உறுப்பினரை விசாரித்துத் தண்டிக்கின்றன. ஆனால் அவற்றில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொழில் செய்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் எந்தக் கழகத்தையும் சேராதவர்கள் என்பது சர்க்காரின் மதிப்பீடு.

இத்தொழிலின் தர்மம் எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது என்பதும் சுவையானது. வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் தம் தோட்டக்காரர் முதலிய பணியாட்களுக்குக் கூலி என்று கொடுக்காமல், வருஷாந்தரம் இவ்வளவு தருவதாகப் பத்திரம் எழுதிக்கொடுத்து, அந்தத் தொகையைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டார். கூலிக்கு அந்தக் கழிவு கிடையாது. பத்திரப்படி தரும் தொகைக்கு உண்டு. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. சட்டத்துக்குட்பட்டுத் தன் வரியைக் குறைத்துக்கொள்ளும்படி காரியங்களை அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்று 1935இல் டியூக்கின் பக்கமே தீர்ப்பாயிற்று. அட்கின் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பின் நிழலில் வரிக்குறைப்புத் திட்டங்களை வகுத்து விற்பதே ஒரு வியாபாரமாக வளர்ந்தது. 1981இல் ராம்ஸே என்ற விவசாயக் கம்பெனி, தன் நிலத்தை விற்ற லாபத்துக்கு எதிராக விலைகொடுத்து வாங்கிய செயற்கை நஷ்டத்தைக் காட்டியபோது, தனித்தனிப் பத்திரங்களைப் பாராமல் காரியத்தை முழுமையாகப் பார்க்கவேண்டும் என்று அதே பிரபுக்கள் சபை சொல்லிற்று. 2013இல் வரித் துஷ்பிரயோகத்துக்கு எதிரான பொது விதியே சட்டமாயிற்று. 2017இல் ஏழு தொழிற்கழகங்கள் கூடி, பாராளுமன்றத்தின் தெளிவான நோக்கத்துக்கு முரணான செயற்கைத் திட்டங்களைத் தம் உறுப்பினர் வகுக்கவோ பரப்பவோ கூடாது என்று தம் நடத்தை விதிகளில் எழுதிக்கொண்டன. கழகங்களுக்குள் இருப்பவர்கள் இவ்வாறு எண்பது வருஷங்களில் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறார்கள். வெளியே இருப்பவர்களை எந்த விதியும் கட்டவில்லை.

கட்டாததன் பலன் ‘லோன் சார்ஜ்’ விவகாரத்தில் தெரிந்தது. ஒப்பந்தத்தில் வேலைபார்த்த கணினிப் பொறியாளர்களுக்கும், முகவர்கள் மூலம் பணிக்குச் சென்ற செவிலியர்களுக்கும், சமூக சேவகர்களுக்கும் சில இடைத்தரகர்கள் ஒரு திட்டத்தை விற்றார்கள்: சம்பளத்தில் சிறு பகுதியை மட்டும் சம்பளமாகவும், மிகுதியை வெளிநாட்டு டிரஸ்டிலிருந்து திருப்பிக் கேட்கப்படாத கடனாகவும் பெற்றுக்கொண்டால் கடனுக்கு வரி இல்லை, பெரிய வழக்கறிஞர்களே இதற்குச் சம்மதம் தந்திருக்கிறார்கள் என்று. 2016 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு 2019 ஏப்ரல் 5இல் அமலான சட்டம், 1999 முதல் நிலுவையாக இருந்த அத்தனை கடன்களையும் ஒரே வருஷத்து வருமானமாகக் கருதி வரி கேட்டது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் சிக்கினார்கள். எதிர்ப்பு எழுந்து, மோர்ஸ் பிரபுவின் விசாரணைக்குப் பின், 2010 டிசம்பர் 9க்கு முற்பட்ட கடன்களை விட்டுவிட்டார்கள். இந்த வரிக் கோரிக்கையை எதிர்கொண்டவர்களில் பத்துப் பேர் தற்கொலை செய்துகொண்டதை வருவாய்த் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. ரே மெக்கன் நடத்திய மறுபரிசீலனை 2025 நவம்பர் பட்ஜெட்டோடு வெளிவந்தது. அதன் சிபாரிசுகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்று, பாக்கியைக் குறைத்துத் தீர்த்துக்கொள்ள அரசு இப்போது வழி செய்கிறது.

அவர்கள் வரி கட்டவேண்டியவர்களே. கட்டாமல் விட்டது சரி என்று சொல்லமாட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சேர்ந்தால்தான் வேலை என்று முகவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்ட ஒரு செவிலிக்கு, வரிச் சட்டத்தின் நுட்பங்களை நீயே அறிந்திருக்க வேண்டும் என்று இருபது வருஷம் கழித்துச் சொல்லும் அரசு, அந்தத் திட்டத்தை அவளுக்கு விற்றவனிடம் நீ எங்கே படித்தாய், எந்தச் சபைக்குப் பதில் சொல்லுகிறாய் என்று ஒருநாளும் கேட்காமல் இருந்ததே, அதற்கு என்ன சமாதானம்?

இப்போதுதான் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறார்கள். பிறர் சார்பில் வருவாய்த் துறையோடு தொடர்புகொள்ளும் ஆலோசகர் அனைவரும் 2026 மே முதல் படிப்படியாக அத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தம் சொந்த வரியை ஒழுங்காகக் கட்டியிருக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. வரவேற்கத்தக்கதுதான். ஆயினும் அதில் கல்வித் தகுதிக்கோ தேர்வுக்கோ இடமில்லை. துறைக்குக் கடிதம் எழுதாமல், வாடிக்கையாளரின் காதில் மட்டும் யோசனை சொல்லிவிட்டுப் போகிறவரை அது தொடுவதும் இல்லை. லோன் திட்டங்களை விற்றவர்கள் பெரும்பாலும் அந்த வகையினர். மேலும், பதிவேட்டை வைத்திருப்பது வரி வசூலிக்கும் துறையே. பிரஜைக்காக அத்துறையோடு வாதாடவேண்டிய ஒருவர், தொழில் செய்யும் அனுமதிக்கு அதே துறையை எதிர்பார்த்திருப்பது நல்ல ஏற்பாடாகத் தோன்றவில்லை. பதிவேடு வேறொரு சுயேச்சையான சபையின் கையில் இருப்பதே பொருத்தம்.

வரிச் சட்டத்தை எளிதாக்குவதற்கென்றே 2010இல் ஓர் அலுவலகம் ஏற்படுத்தி, அதற்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்துவிட்டு, 2022 செப்டம்பரில் குவாஸி குவார்டெங் தமது குறுகிய கால நிதிப் பொறுப்பில் அதனை மூடுவதாக அறிவித்தார். அந்த மாதத்தில் அவர் அறிவித்த வரிச் சலுகைகளில் பெரும்பாலானவற்றை அடுத்து வந்தவர் ரத்துசெய்தபோதும், இந்த மூடலை மட்டும் ரத்துசெய்யவில்லை. அந்த அலுவலகம் மீண்டும் திறக்கப்பட வேண்டும். 2031 வரை நிறுத்திவைத்த வரம்புகளை விலைவாசியோடு சேர்த்து அசையவிட வேண்டும். பணம் போதாவிட்டால் விகிதத்தை உயர்த்தி அதனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வருஷந்தோறும் வருமான வரிக்கு மறு உயிர் கொடுக்கும் அதிகாரம் பாராளுமன்றத்தின் கையில் இருப்பதால், இவற்றைக் கேட்பதற்கு உறுப்பினர்கள் புதிய வாய்ப்பு ஒன்றைத் தேடவேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னதாக அவர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு: தேர்வில் தேறாத, தொழில் காப்பீடு எடுக்காத, தவறு செய்தால் விசாரிக்க ஒரு சபை இல்லாத எவரும் கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு வரி ஆலோசனை சொல்லக்கூடாது என்று அடுத்த நிதிச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.